11 நிமிஷம், ஒரே ஒரு காப்பி: சினிமா ஃபிலிம் லேபுக்குள்ளே என்ன நடக்குது?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். சினிமா ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுது. அப்போ நிமிஷத்துக்கு 90 அடி. கேமராவில் மாட்டுற பெரிய ரோல் 1000 அடி. அதாவது 11 நிமிஷத்தில் ஒரு ரோல் காலி. ஐமேக்ஸ் கேமராவில் அதே 1000 அடி சுமார் 3 நிமிஷம்தான் தாங்கும்.

ஷூட்டிங் முடிஞ்சதும் அந்த ரோலை இருட்டில் கழற்றி, ஒளி புகாத பையில் போட்டு, தகர டப்பாவில் வச்சு, சுற்றி டேப் ஒட்டி லேபுக்கு அனுப்புவாங்க. இந்த நேரத்தில் அந்த டப்பாவுக்குள்ளே என்ன இருக்கு? கண்ணால் பார்த்தா ஒண்ணுமே இல்லை. ஒளி பட்ட ஒவ்வொரு வெள்ளி உப்புப் படிகத்திலும் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒண்ணு சேர்ந்திருக்கும். அவ்வளவுதான். நடிகரோட நடிப்பு, மழை, சண்டைக்காட்சி, செட்டுக்குச் செலவான பணம் எல்லாமே அந்தச் சில அணுக்களில்தான் இருக்கு. யாராவது தெரியாம டப்பாவைத் திறந்தா முடிஞ்சுது. விமான நிலையத்தில் புதுசா வந்திருக்கிற சிடி ஸ்கேனர் வழியா போனாலும் பாதிப்பு வரும். பேக்கப் இல்லை, கண்ட்ரோல் இசட் இல்லை. புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் டெலீட் கமாண்ட் அடிக்கும்போது நமக்கு வயிறு கலங்கும் பாருங்க, லேபில் வேலை பார்க்கிறவங்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

சரி, லேபுக்குள்ளே போவோம்.

முதல் அறை முழு இருட்டு. அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் சிவப்பு விளக்கு எரியும்னு சினிமாவில் பார்த்திருப்பீங்க. அது கருப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பருக்கு மட்டும்தான் சரி. கலர் நெகட்டிவ் எல்லா நிறத்துக்கும் உணர்வு உள்ளது, அதனால் எந்த விளக்கும் கிடையாது. கையால் தடவிப் பார்த்தே டப்பாவைத் திறந்து, ஓரத்தில் கிழிசல் இருக்கான்னு விரலால் சோதிச்சு, ஒரு ரோலோட வாலை அடுத்த ரோலோட தலையில் இணைப்பாங்க. ஏன்னா பிராசஸிங் மெஷின் நிற்கவே கூடாது. நடுவில் நின்னா, டெவலப்பர் தொட்டியில் இருக்கிற பகுதி கூடுதல் நேரம் ஊறி வீணாகிடும். அதனால் ரோல் மாத்துற நேரத்துக்குத் தேவையான ஃபிலிமை மேலும் கீழுமா உருளைகளில் சேர்த்து வைக்கிற ஒரு அமைப்பு மெஷினோட வாசலிலேயே இருக்கும். நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, அது ஒரு பஃபர்.

கலர் நெகட்டிவுக்கான ரசாயன முறைக்குப் பேர் ஈசிஎன்-2. இதில் ஒரு வேடிக்கையான முதல் படி இருக்கு. கோடாக் விஷன்3 மாதிரி சினிமா ஃபிலிமோட முதுகில் ரெம்ஜெட்ன்னு ஒரு கரிப்பூச்சு பல வருஷமா இருந்துது. ஃபிலிம் வேகமா ஓடும்போது நிலைமின்சாரம் வந்து பொறி அடிக்காம இருக்க, உராய்வு குறைய, ஒளி பின்பக்கம் பட்டுத் திரும்பி வந்து விளக்குகளைச் சுற்றி வளையம் உண்டாக்காம இருக்க, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பூச்சு. லேபில் காரத்தன்மை உள்ள கரைசலில் முக்கி, தண்ணீரைப் பீய்ச்சி இதைக் கழுவி எடுக்கணும். ஸ்டில் கேமராவில் சினிஸ்டில் 800டி போட்டு எடுக்கிற நண்பர்கள் உங்களுக்கு இருந்தா, அந்தப் படங்களில் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் வர்றதைப் பார்த்திருப்பீங்க. அது விஷன்3 ஃபிலிம்தான், ரெம்ஜெட் இல்லாம. சினிமா ஃபிலிமை அப்படியே வாங்கி சாதாரண போட்டோ லேபில் கொடுத்தா, அந்தக் கரி மெஷின் முழுக்கப் பரவி மத்தவங்க ரோலையும் கெடுக்கும். தயவு செய்து பண்ணாதீங்க. கோடாக் இப்போ இந்தப் பூச்சை விட்டுட்டு, எமல்ஷனுக்கு அடியிலேயே ஒரு ஒளித்தடுப்பு அடுக்கு வைக்கிற முறைக்கு மாறிக்கிட்டு இருக்கு.

அடுத்தது டெவலப்பர். நானும் டெவலப்பர்தான், ஆனா இவ்வளவு ஒழுங்கு என்கிட்ட கிடையாது. வெப்பநிலை 41.1 டிகிரி செல்சியஸ். விலகல் 0.1 டிகிரிக்குள்ளே இருக்கணும். நேரம் 3 நிமிஷம். அந்த 3 நிமிஷத்தில்தான் மாயாஜாலம் நடக்குது. ஒளி பட்ட படிகங்களை டெவலப்பர் உலோக வெள்ளியா மாத்துது. அப்படி மாத்தும்போது டெவலப்பரே ஆக்ஸிஜனேற்றம் அடையுது. அப்படி மாறின டெவலப்பர், பக்கத்தில் காத்துக்கிட்டு இருக்கிற கப்ளர் என்கிற மூலக்கூறோட சேர்ந்து சாயமா மாறுது. நீலத்தை உணரும் அடுக்கில் மஞ்சள் சாயம், பச்சையை உணரும் அடுக்கில் மெஜந்தா, சிவப்பை உணரும் அடுக்கில் சியான். எங்கே வெள்ளி உருவாகுதோ, அதைச் சுற்றி மட்டும் சாயம்.

சாயம் வந்த பிறகு வெள்ளிக்கு வேலை இல்லை. அமிலத் தொட்டியில் முக்கி டெவலப்பரை நிறுத்துறாங்க. ப்ளீச் தொட்டி உலோக வெள்ளியைத் திரும்ப உப்பாக்குது. ஃபிக்ஸர் அதைக் கரைச்சு எடுத்துட்டுப் போகுது. நடுநடுவே கழுவல், கடைசியில் உலர்த்தல். இதில் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், முடிஞ்சு வர்ற கலர் நெகட்டிவில் வெள்ளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வெறும் சாயம்தான். கரைஞ்ச வெள்ளியை லேப் மீட்டு எடுத்து விற்கும். ப்ளீச்சைத் தாண்டி விட்டா வெள்ளி அப்படியே தங்கி, நிறம் வெளிறி, கருப்பு அடர்த்தியாகும். சினிமாக்காரங்க ப்ளீச் பைபாஸ்ன்னு சொல்றது அதைத்தான்.

மெஷின் நல்லா ஓடுதான்னு எப்படித் தெரியும்? அங்கேயும் யூனிட் டெஸ்ட் இருக்கு. துல்லியமான அளவில் ஒளி காட்டப்பட்ட ஒரு சோதனைப் பட்டையை முதலில் ஓட்டி, அதோட அடர்த்தியை டென்சிட்டோமீட்டரில் அளந்து வரைபடத்தில் குறிப்பாங்க. கோடு எல்லையைத் தாண்டினா அன்னைக்கு யாரோட படமும் உள்ளே போகாது. டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்ளாய் பண்ணுற நம்ம கூட்டம் இதைக் கொஞ்சம் கத்துக்கலாம்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். 2023-இல் வந்த ஓப்பன்ஹைமரில் கருப்பு வெள்ளைப் பகுதிகள் இருக்கு இல்லையா, அதுக்கு 65 எம்எம் அகலத்தில் கருப்பு வெள்ளை ஃபிலிமே அதுவரை கிடையாது. கோடாக் தன்னோட டபுள்-எக்ஸ் ஃபிலிமை முதல் முறையா அந்த அகலத்தில் தயாரிச்சுக் கொடுத்துது. ஃபிலிம் வந்தா போதுமா? கருப்பு வெள்ளைக்கு ரசாயனமே வேற. கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் இருக்கிற ஃபோட்டோகெம் லேப் அதுக்காகத் தனியா ஏற்பாடு பண்ண வேண்டியிருந்துது. ஒரு இயக்குநரோட ஆசைக்காக ஒரு தொழிற்சாலையும் ஒரு லேபும் தங்களோட வேலையை மாத்திக்கிட்டாங்க. இந்தத் தொழிலில் இன்னும் உயிர் இருக்குன்னு எனக்குத் தோணுறதுக்கு இது ஒரு காரணம்.

இப்போ ஸ்கேனிங். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஸ்கேனர் என்பது அடிப்படையில் ஒரு விளக்கு, நடுவில் ஃபிலிம், எதிரில் ஒரு சென்சார். ஜெர்மனியின் ஆரி நிறுவனத்தோட ஆரிஸ்கேன் ஒவ்வொரு ஃபிரேமையும் நிறுத்தி, சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைத் தனித்தனியா மின்ன வைச்சுப் படம் பிடிக்கும். இன்னொரு வகை, ஃபிலிமை நிறுத்தாம உருளைகளில் ஓடவிட்டே பிடிக்கும். ஜெர்மனியின் டிஎஃப்டி தயாரிக்கிற ஸ்கேனிட்டி அந்த ரகம். அந்த டிஎஃப்டி சென்னை பிரசாத் குழுமத்தோட நிறுவனம் என்பது நம்ம ஊர்க்காரங்களுக்கே அதிகம் தெரியாது.

நெகட்டிவில் தகவல் எப்படி இருக்கு? அடர்த்தி என்கிற அளவில். அடர்த்தி 1-ன்னா பத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவும். 2-ன்னா நூறில் ஒரு பங்கு. பார்த்தீங்கன்னா இது லாகரிதம். நம்ம கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் வேலை செய்யுது. அதனால் ஸ்கேன் பண்ணும்போது மதிப்புகளை நேர்கோட்டில் சேமிச்சா, வெளிச்சமான பகுதிக்கு எண்கள் குவிஞ்சு, இருட்டான பகுதிக்குப் பிச்சை போட்ட மாதிரி நாலு எண்தான் மிஞ்சும். 1990-களின் தொடக்கத்தில் கோடாக் கொண்டுவந்த சினியான் முறை இதைச் சுலபமா தீர்த்துது. 10 பிட், மொத்தம் 1024 படிகள், ஒரு படிக்கு 0.002 அடர்த்தி. கருப்பு 95-இல், வெள்ளை 685-இல். மேலே மிச்சம் இருக்கிற இடம் சூரியன், விளக்கு மாதிரி கண்ணைக் கூசுற விஷயங்களுக்கு. 1993-இல் டிஸ்னியோட ஸ்னோ ஒயிட்டை முழுசா ஸ்கேன் பண்ணிச் சீரமைச்சது இந்த முறையில்தான். இன்னைக்கு லேப்கள் கொடுக்கிற டிபிஎக்ஸ் ஃபைலுக்கு அப்பா இந்த சினியான்தான்.

ஃபைல் அளவு கேட்டா தலை சுத்தும். முழு 4கே ஃபிரேம் 4096-க்கு 3112 பிக்சல். மூணு நிறத்துக்கும் சேர்த்து ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒரு ஃபிரேம் சுமார் 51 எம்பி. விநாடிக்கு 1.2 ஜிபி. 2 மணி நேரப் படத்துக்கு 1,72,800 ஃபிரேம், கிட்டத்தட்ட 8.8 டிபி. இது முடிஞ்ச படத்துக்கு மட்டும். எடுத்த எல்லா டேக்கையும் சேர்த்தா அதை விடப் பல மடங்கு.

தூசியைக் கண்டுபிடிக்க ஒரு அழகான தந்திரம் இருக்கு. நாலாவதா அகச்சிவப்பு ஒளியை மின்ன வைக்கிறாங்க. கலர் ஃபிலிமோட சாயங்கள் வழியா அகச்சிவப்பு தடையில்லாமப் போயிடும், ஆனா தூசியும் கீறலும் மறைக்கும். ஆக அந்தப் படத்தில் தெரியுறது அழுக்கு மட்டும். அதை மாஸ்க்கா வச்சு மென்பொருள் தானா சரி பண்ணும். கருப்பு வெள்ளையில் இது எடுபடாது. அங்கே படமே உலோக வெள்ளிதானே, அதுவும் அகச்சிவப்பை மறைச்சுடும். பழைய கருப்பு வெள்ளைப் படங்களை மீட்டெடுக்க ஆட்கள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமா துடைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். முதுகுப்பக்கக் கீறலுக்கு இன்னொரு வழி, வெட் கேட். சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணி தெளிச்சா தெளிவாகிடும் இல்லையா? அதே மாதிரி, ஃபிலிமைப் போலவே ஒளியை வளைக்கிற ஒரு திரவத்துக்குள்ளே ஃபிலிமை நனைச்சு ஸ்கேன் பண்ணினா கீறல் காணாமப் போயிடும்.

பழைய ஃபிலிமில் இன்னொரு தலைவலி, அது சுருங்கும். ஓரத்துத் துளைகளுக்கு நடுவில் இருக்கிற தூரம் குறைஞ்சுடும். புது ஃபிலிமுக்கான பல்சக்கரத்தில் மாட்டினா கிழியும். அதனால்தான் பல்சக்கரமே இல்லாத உருளை ஸ்கேனர்கள் ஆவணக் காப்பகங்களுக்கு வரப்பிரசாதம். படம் ஆடாம இருக்க, துளைகளைக் கேமராவால் பார்த்து மென்பொருளில் நிலைநிறுத்துவாங்க.

எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் சத்யஜித் ராயோட அபு மூன்று படங்கள். 1993-இல் லண்டனில் ஒரு லேபில் தீ விபத்து. நெகட்டிவ்கள் கருகி, உருகி, சுருண்டு போச்சு. உபயோகமில்லைன்னு தூக்கி எறியாம, அமெரிக்காவில் அகாடமி காப்பகம் அந்த மிச்சத்தை எடுத்து வச்சுது. இருபது வருஷம் கழிச்சு, இத்தாலியின் பொலோன்யாவில் இருக்கிற லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபில் காய்ஞ்சு மொறுமொறுப்பான ஃபிலிமை ரசாயனத்தில் ஊற வச்சு வளையுற பதத்துக்குக் கொண்டு வந்து, துளைகளைக் கையால் ஒட்டி, ஸ்கேன் பண்ணினாங்க. பதேர் பாஞ்சாலி நெகட்டிவில் சுமார் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலேயும் தேறிச்சு. மிச்சத்தை மற்ற நாடுகளில் இருந்த காப்பிகளிலிருந்து நிரப்பினாங்க. 2015-இல் 4கே-யில் வெளிவந்துது.

நம்ம பக்கம் நிலைமை? முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ், 1931. ஒரு காப்பி கூட இல்லை. எந்த ஸ்கேனர் வச்சும் ஒண்ணும் பண்ண முடியாது. கோடம்பாக்கத்தைச் சுத்தி இருந்த லேப்கள் டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் வேலையை ஒவ்வொண்ணா நிறுத்தின காலத்தில், தயாரிப்பாளர் எடுத்துட்டுப் போகாத நெகட்டிவ் டப்பாக்கள் யாரோட பொறுப்புன்னே தெரியாத நிலை. இதில் எனக்குக் கோபம் உண்டு. நாம பெருமை பேசுற படங்களில் பலவற்றுக்கு இன்னைக்கு நம்ம கையில் இருக்கிறது டிவிக்காக எப்பவோ போட்ட ஒரு மங்கலான டேப் மட்டும்தான்.

கடைசியா, வீட்டுப் பரணில் தாத்தா காலத்து சூப்பர் 8 அல்லது 16 எம்எம் ரோல் இருக்கிறவங்களுக்கு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தா, அசிடேட் அடித்தளம் சிதைய ஆரம்பிச்சிருக்கு. அந்த ஆவி பக்கத்து ரோலையும் கெடுக்கும், அதனால் உடனே தனியா வையுங்க. காத்து புகாத டப்பாவில் அடைக்காதீங்க, ஆவி உள்ளேயே சுத்தி வேகமா அரிக்கும். பரண், மொட்டை மாடி அறை இரண்டும் வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியா ஈரமில்லாம இருக்கிற இடத்தில் வையுங்க. முக்கியமா, ஆசைப்பட்டு பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீங்க. சுருங்கின ஃபிலிம் அந்த ஒரே ஓட்டத்தில் கிழியும். ஸ்கேன் பண்ணக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்க: உங்க மெஷினில் பல்சக்கரம் இருக்கா? ஸ்கேன் முடிஞ்சதும் ஒரிஜினல் ரோலைத் திருப்பித் தருவீங்களா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கினா, ரோலைக் கையில் எடுத்துக்கிட்டு வெளியே வந்துடுங்க.