கிறிஸ்துமஸ் தாத்தாவும் கிறிஸ்தவக் குடும்பங்களும்

கிறிஸ்துமஸ் தாத்தா (இலங்கை வழக்கில் நத்தார் தாத்தா) என்பவர், கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்குப் பரிசுகளை வைத்துச் செல்வதாகக் கூறப்படும் கற்பனை மாந்தர் ஆவார். மேற்கு நாடுகளின் கிறிஸ்தவப் பெற்றோரிடையே இவரைக் குறித்து நெடுங்கால விவாதம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் நம் நன்மை தீமைகளைக் கவனித்து வருகிறார் என்று அவர்கள் தம் குழந்தைக்கு இருவரைப் பற்றிக் கூறுகின்றனர்: ஒருவர் கடவுள், மற்றவர் தாத்தா. பின்னவர் கற்பனை எனத் தெரியவரும் நாளில் முன்னவரையும் குழந்தை ஐயுறாதா என்பதே விவாதத்தின் மையம்.

தோற்றம்

இம்மாந்தரின் மூலம், 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலஸ் ஆவார். மூன்று மகள்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியற்ற ஏழை ஒருவரின் வீட்டுக்குள் இரவில் யாரும் அறியாமல் பொன்னை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற மரபுக்கதை. அவரது திருநாள் டிசம்பர் 6.

16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தத்தை ஏற்ற ஜெர்மானியர் புனிதர் வணக்கத்தை விலக்கியபோது, பரிசு தருபவர் குழந்தை இயேசுவே என்னும் வழக்கம் அவர்களிடையே பரவியது. பின்னாளில் இது தலைகீழானது. குழந்தை இயேசு ஆஸ்திரியா, பவேரியா முதலிய கத்தோலிக்கப் பகுதிகளில் நிலைத்தார்; சீர்திருத்தச் சபையினர் மிகுந்த வட ஜெர்மனியிலோ வெண்தாடிக் கிழவர் இடம்பிடித்தார். இம்மாற்று ஏற்பாடு மேற்கண்ட சிக்கலைத் தீர்க்கவில்லை, கூர்மையாக்கியது எனலாம். பரிசை வைத்தவர் தந்தையே என்று குழந்தை கண்டறியும்போது ஐயத்துக்குள்ளாவது இயேசுவின் பெயரே அன்றோ?

டிஜோன் நிகழ்வு

1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் டிஜோன் நகரில், குருமாரின் ஒப்புதலுடன், தாத்தாவின் உருவபொம்மை பேராலயத்தின் இரும்பு வேலியில் தொங்கவிடப்பட்டு, நூற்றுக்கணக்கான சிறுவர்களின் முன்னிலையில் எரிக்கப்பட்டது. மறுநாளே அவர் நகர மண்டபத்தின் கூரைமேல் மீண்டும் தோன்றினார்! மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராஸ் 1952இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒழிக்க முற்பட்டவர்களே பழைய சடங்கு மாந்தர் ஒருவருக்குப் புத்துயிர் அளித்துவிட்டனர் என்பது அவர் முடிவு.

பொய்யா, விளையாட்டா

வேடிக்கைப் பேச்சு பொய்யாகாது, பேசுபவரின் குரலும் மனநிலையுமே அதனை வெளிப்படுத்திவிடும் என்று புனித அகுஸ்தீன் கருதினார். 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாசோ வேடிக்கைப் பொய்யையும் சிறு பாவமாகவே கொண்டார். மணற்சோறு ஆக்கி விளையாடும் சிறுமி அது சோறன்று என்பதை அறிவாள். உண்பதுபோல் நடிக்கும் தாயும் அறிவாள். தாத்தா கதையில் ஒரு தரப்பு மட்டுமே உண்மையை அறிந்திருக்கிறது. வேறுபாடு இங்குதான் உள்ளது.

இதனால் சில குடும்பங்கள் தாத்தாவை முற்றிலும் தவிர்க்கின்றன. வேறு சில, நிக்கோலசின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்து, தாத்தாவை அனைவரும் அறிந்த விளையாட்டாக மட்டும் வைத்துக்கொள்கின்றன. (இக்குழந்தைகள் பள்ளியில் மற்றவர்களிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது தனிச் சிக்கல்.) குழந்தை நேரடியாகக் கேட்கும் வரை கதையைத் தொடர்ந்து, கேட்டவுடன் உண்மையைக் கூறுவோரும் உளர். 1897இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உண்மையைக் கூறுமாறு நியூயார்க்கின் சன் நாளிதழுக்கு எழுதினாள். அன்பும் ஈகையும் இருப்பது போலவே தாத்தாவும் இருக்கிறார் என்று அவ்விதழின் பிரான்சிஸ் சர்ச் விடையளித்தார். அத்தலையங்கம் பெரும் புகழ் பெற்றது. சிறுமி கேட்டதற்கு அது விடையாகுமா என்பது வேறு.

1994இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உண்மையை அறிந்த 52 குழந்தைகள் வினவப்பட்டனர். பெரும்பாலோர் ஏழு வயதளவில் தாமாகவே கண்டறிந்து, அதை இயல்பாக ஏற்றிருந்தனர், வருந்தியவர்கள் பெற்றோரே. எனினும் இது தாத்தாவைப் பற்றிய ஆய்வேயன்றிக் கடவுள் நம்பிக்கை பற்றியதன்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் புகைபோக்கி வழியே இரவில் வரும் தாத்தாவைவிட, கேரல் குழுவினருடன் முகமூடி அணிந்து ஆடிவந்து மிட்டாய் வழங்கும் தாத்தாவே நன்கு அறியப்பட்டவர். முகமூடிக்குள் இருப்பது சபையின் எந்த அண்ணன் என்று கண்டுபிடிப்பது சிறுவர்களுக்குத் தனி விளையாட்டு.