மருந்துக்கு அடங்காத சீழ்க்கிருமி

லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலை மலைகளில் பாடுபடும் நம்மவருக்குக் கை, கால் கீறல் புதிதல்ல. கத்தி பட்ட காயம், குச்சி குத்திய புண், அட்டை கடித்ததைச் சொறிந்து வந்த சிரங்கு என்று ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். "இதுக்குப் போயா ஆஸ்பத்திரி? பக்கத்து வீட்டுல மாத்திரை மிச்சம் இருக்கு, வாங்கிப் போடு" என்கிறோம். அந்த மிச்ச மாத்திரையைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும்.

புண்ணில் சீழ் வைக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டெபிலோகாக்கஸ். டென்மார்க் டாக்டர் கிராம் 1884-இல் வெளியிட்ட சாய முறையில் இது ஊதா நிறமாகத் தெரியும். அதனால் 'கிராம் பாசிட்டிவ்' கிருமி என்பார்கள். நல்ல உடம்புக்காரர் பலருடைய மூக்கிலும் இது சும்மா குடியிருக்கும். தோல் கிழிந்தால் உள்ளே புகும். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி மருந்தை எதிர்த்து நிற்கும் என்று எச்சரித்தார். அப்படியே நடந்தது. பெனிசிலினுக்கு மசியாத கிருமிக்கென்று மெத்திசிலின் வந்தது. 1961-இல் இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமி அறிவிக்கப்பட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்பல்ல, கிருமி. மருந்து பட்டதும் வலுவில்லாதது சாகும். தாங்கி நிற்பது பெருகும்.

இன்று விஞ்ஞானிகள் கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்த வமிசம், எங்கிருந்து எங்கே பரவியது என்று கண்டுபிடிக்கிறார்கள். மலேசிய ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகள் மிகுந்திருந்தது எஸ்.டி.239 என்ற வமிசம். ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் கண்டதும் அதே வமிசம்தான்! பிறகு எஸ்.டி.22 என்பதும் இங்கே பரவியது. கடல் தாண்டி வரும் கிருமிக்கு, நம் மலைப்பாதை ஏறி வருவது பெரிய காரியமா?

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது பெரிதல்ல. காயத்தை உடனே சவுக்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி மூடுங்கள். துண்டு, சவரக் கத்தியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ, கிளினிக்குக்கோ தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மாத்திரை சாப்பிடுங்கள். "தேறிடுச்சு" என்று நாமாக நிறுத்துவது கூடாது. சளிக்கும் ஃபுளூவுக்கும் காரணம் வைரஸ். அதற்கு இந்த மாத்திரை எடுபடாது.

வேலை மலையில் கை கழுவத் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்பதும் நம் உரிமையே. உழைக்கும் கைதான் நமக்குச் சொத்து. அதைக் காக்கும் மருந்தை வீணடிக்கலாமா?