ஈரப்பதம் அளப்பார்கள், வயது கேட்கமாட்டார்கள்

கோகோ காய், கிளை நுனியில் அல்ல, மரத்தண்டிலேயே ஒட்டிக் காய்க்கும். வெட்டுக்கத்தியால் ஓட்டைப் பிளந்தால் வழவழப்பான வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது விதைகள். அவற்றை வாழையிலை மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டவேண்டும். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவது ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும்தான். அங்கே பல தோட்டங்களில் அந்தக் கத்தி சிறுவர்கள் கையில். இரு நாடுகளிலும் சுமார் 15.6 லட்சம் சிறார்கள் கோகோ வேலை செய்கிறார்கள் என்றது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை. பெரும்பாலோர் சொந்தத் தோட்டத்துப் பிள்ளைகள். மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் கூட்டிவரப்பட்டவர்களும் உண்டு.

ஐவரி கோஸ்ட்டில் மூட்டையை வாங்க ஊர் ஊராக வரும் தரகருக்கு 'பிஸ்தேர்' என்று பெயர். அவர் வண்டியில் பல தோட்டத்துச் சரக்கும் கலந்துவிடும். ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். காயை வெட்டியது யார் என்று கேட்டால் மட்டும், கண்டுபிடிப்பது கஷ்டமாம்!

2001-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அடிமை உழைப்பு கலக்காத சாக்லேட்டுக்கு முத்திரை கொண்டுவரும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சாக்லேட் கம்பெனிகள் பதறி ஓடிவந்து, சட்டம் வேண்டாம், நாங்களே சரிசெய்கிறோம் என்றன. அப்படிப் பிறந்ததுதான் ஹார்கின்–எங்கெல் ஒப்பந்தம். கெடு 2005; பிறகு 2008; பிறகு 2010. கடைசியில் இலக்கே சுருங்கி, மிக மோசமான வகை சிறார் உழைப்பை 2020-க்குள் 70 சதவீதம் குறைத்தால் போதும் என்றானது. அதுவும் நடக்கவில்லை. பத்தாண்டில், அந்தப் பகுதி விவசாயக் குடும்பங்களில் கோகோ வேலை செய்யும் சிறார்களின் பங்கு 31-லிருந்து 45 சதவீதமாக ஏறியிருந்தது.

சிறுவயதில் தோட்டங்களில் அடிமைகளாக இருந்ததாகச் சொன்ன ஆறு மாலி நாட்டவர், நெஸ்லே, கார்கில் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். இந்தக் கம்பெனிகளுக்குத் தோட்டம் சொந்தமில்லை. ஆனால் விவசாயிகளுக்குப் பணமும் பயிற்சியும் கருவிகளும் கொடுத்துச் சரக்கு வாங்கின. பொதுவான வியாபார முடிவுகளை அமெரிக்காவில் எடுத்தது மட்டுமே வழக்குக்குப் போதாது என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8–1 என்று தள்ளிவிட்டது.

கம்பெனிகள் பள்ளிக்கூடம் கட்டுகின்றன, கண்காணிப்பாளர்களை அனுப்புகின்றன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவருக்குக் கூலி கொடுத்துக் காய் பறிக்க விலை கட்டுப்படியாகாத வரை, கண்காணிப்பாளர் போனதும் பையன் கத்தியை எடுக்கத்தான் செய்வான். ஐவரி கோஸ்ட், கானா அரசுகள் சேர்ந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டபோது, அதைக் கொடுக்காமல் சில கம்பெனிகள் குறுக்கு வழி தேடுவதாக 2020-ல் அந்த அரசுகளே குற்றம் சாட்டின.

சப்ளை சங்கிலியில் நடக்கும் உரிமை மீறலுக்குப் பெருநிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டத்தை 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றியது. அடுத்த வருடமே, சுமை அதிகம் என்ற முனகலுக்கு இணங்கி, அமலாகும் நாளைத் தள்ளிவைத்தது.