வரியில்லாத மூன்று நாட்கள்: யாருக்கு இலாபம்?

பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் நெருங்கினால் பெற்றோருக்கு நித்திரை வராது. கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வயல் கையில் இருந்த காலத்தில் ஒரு மூடை நெல்லை விற்று இதைச் சமாளித்தோம். இடம்பெயர்ந்த பின் சோற்றுக்கு அரிசியையும் காசு கொடுத்தே வாங்குகிறோம். ஆகவே எதை வாங்குவது என்பதோடு, எப்போது வாங்குவது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இதற்கு உதவியாக அமெரிக்காவில் உள்ள ஒரு வழக்கத்தைப் பார்ப்போம்.

வரி விடுமுறை என்றால் என்ன?

அமெரிக்காவில் விற்பனை வரியை மாநிலங்களே விதிக்கின்றன. பண்டத்தில் எழுதியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. காசு கட்டும்போதுதான் அதைச் சேர்ப்பார்கள். சில மாநிலங்கள் ஆண்டில் சில நாட்களுக்கு, குறித்த சில பண்டங்களுக்கு மட்டும் இவ்வரியை நீக்குகின்றன. இதையே வரி விடுமுறை என்பர். 1997 தை மாதத்தில் நியூயோர்க் மாநிலம் ஒரு வாரத்துக்கு உடுப்புகள் மீதான வரியை நீக்கியது. 1998இல் புளோரிடாவும் 1999இல் ரெக்சாசும் இதைப் பின்பற்றின.

ரெக்சாசில் மாநில வரி 6.25 வீதம். உள்ளூர் வரியும் சேர்ந்தால் 8.25 வீதம் வரை போகும். அங்கு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை, 100 டொலருக்குக் குறைந்த உடுப்பு, சப்பாத்து, பாடசாலைப் பொருட்கள் ஆகியவற்றுக்கு வரி இல்லை. இந்த எல்லை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியானது. 99 டொலர் சப்பாத்துக்கு வரி கிடையாது. 100 டொலர் சப்பாத்துக்கோ முழு விலைக்கும் வரி உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பம் 40 டொலருக்கு ஒரு சோடி சப்பாத்தும், 15 டொலர்ப்படி நான்கு சட்டைகளும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 டொலர். மிச்சம் 8 டொலர் 25 சதம். எப்படியும் வாங்கவேண்டிய பொருள் என்றால் இது நல்ல மிச்சமே.

ஆனால் மலிவு என்ற ஆசையில் தேவையில்லாத 30 டொலர்ச் சட்டை ஒன்றையும் எடுத்தால் என்ன நடக்கும்? வரியில் மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டரை டொலர். பையிலிருந்து போவது முப்பது டொலர். கடனுக்கு வாங்கினால் மிச்சத்தை வட்டி தின்றுவிடும். தூரக் கடைக்குப் போனால் பயணச் செலவு தின்றுவிடும்.

இவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த மூன்று நாட்களில் கையில் காசு இருப்பவருக்கே சலுகை கிடைக்கும். அடுத்த வாரம் சம்பளம் எடுக்கும் ஏழைத் தொழிலாளிக்கு அது கிடைக்காது. அவர் வரியோடுதான் வாங்குவார்.

எமக்கு என்ன பாடம்?

எமது நாட்டில் இப்படியான வரி விடுமுறை வழக்கத்தில் இல்லை. 2024 தை முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தது. அந்த வரியை எம்மால் தவிர்க்க முடியாது. ஆனால் நெல், வெங்காயம், மரக்கறி போன்றவற்றின் விலையை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் பருவமே. காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் நெல் விலை இறங்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விலையில் விற்று நட்டப்பட்டவர்கள் நாங்கள். இன்று வாங்கும் பக்கத்தில் நிற்கிறோம். அந்த நேரத்தில் விவசாயியிடமே நேரடியாக, நியாயமான விலைக்கு வாங்கினால் இரு பகுதிக்கும் நன்மை.

இதற்கு நாம் செய்யக்கூடியவை:

1. அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டியவற்றை ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒவ்வொரு மாதமும் அவற்றின் சந்தை விலையையும் குறிப்போம். எது உண்மையான மலிவு என்பது அப்போதுதான் தெரியும்.

2. நம்பிக்கையான ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சேமிப்போம். ஒரு குடும்பம் கிழமைக்கு 500 ரூபா போட்டால் பத்துக் கிழமையில் 25,000 ரூபா சேரும். கணக்கை எல்லோர் முன்னிலையிலும் எழுதுவோம்.

3. மூடைக்கணக்கில் வாங்கிப் பங்கிடுவோம். நெல்லை நன்றாகக் காயவைத்து, நிலத்தில் படாமல் பலகை மேல் அடுக்குவோம். ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வந்தால் மலிவும் நட்டமாகும்.

4. கடைக் கடன் இருந்தால் அதை முதலில் குறைப்போம். கடன்காரனுக்கு மலிவான கடையைத் தேடிப்போகும் சுதந்திரம் இல்லை.

மலிவு வந்தபின் காசு தேடி ஓடுவது எமக்குப் பழகிப்போன கதை. அடுத்த அறுவடைக்கு முன்பே சிறுகச் சிறுகச் சேர்க்கத் தொடங்குவோம். இந்தக் கிழமை போடும் முதல் 500 ரூபாவே அதற்குத் தொடக்கம்.