பங்குனிச் சேறு

புதுச்சேரியின் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் உழவுக்கென்று அமைந்தவை. வடக்கிலிருந்து வரும் பறவைகள் அந்த உழவின் நாட்களோடு தங்கள் நாட்களைப் பொருத்திக்கொண்டன.

அன்று ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கராபரணி நீர் ஊசுட்டேரிக்கு வரும். தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூரை எட்டும். தை பிறந்தால் நவரைப் பயிருக்கு மதகு திறப்பார்கள். நீர் மெல்ல இறங்கும். ஓரத்தில் ஈரச் சேறு விரியும், அதில் புழுவும் பூச்சியும் நெளியும். மாசி, பங்குனியில் உள்ளான்கள் அவற்றைத் தின்று கொழுப்பேற்றும். நெடுந்தூரம் போகும் சில வகைகள் தம் எடையில் பாதிக்கு மேல் கூட்டிக்கொள்கின்றன. மத்திய ஆசியா, சைபீரியா வரையான வழிக்கு அதுவே கட்டுச்சோறு. ஊசிவால் வாத்துக்கும் தலைகவிழ்த்து எட்டும் ஆழம்தான் வேண்டும்.

இன்று மழைக்கு அந்த ஒழுங்கு இல்லை. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2024 நவம்பர் 30-இல் கரையேறிய ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் பாகூர் வயல்களில் புகுந்தது. ஏரி ததும்பினால் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் விளிம்புவரை நீர் நிற்கும் ஏரியில் குட்டைக்கால் உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

வெயிலும் முந்துகிறது. 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வெப்பமான பிப்ரவரி 2025-இல் வந்தது. நீர் சட்டென்று வற்றினால் சேறு பொருக்குத் தட்டிவிடும். மெல்லிய அலகு அதில் இறங்காது. வடதுருவப் பக்கமோ பனி முன்னதாக உருகி, குஞ்சுகளுக்கான பூச்சிகளும் முன்னதாகவே பெருகுகின்றன. சீக்கிரம் கிளம்ப வேண்டும், ஆனால் உடம்பில் கொழுப்பு சேர்ந்தபாடில்லை. இந்த இடுக்கில்தான் பறவை சிக்கித் தவிக்கிறது.

பழியை வானத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின் மதகின் தேவையே குறைந்துபோனது. அதோடு நீர் படிப்படியாக இறங்கும் பழக்கமும் தளர்ந்தது.

ஊசுட்டேரி 2008-இல் சரணாலயமானது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. வந்து சேர்ந்தவை எத்தனை என்று அதில் தெரியும். வயிறு நிறைந்து கிளம்பினவா என்பது மார்ச்சில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எனவே மார்ச் மாத நீர்மட்டத்தையும் கரையோரச் சேற்றின் அகலத்தையும் பொதுப்பணித் துறையும் வனத்துறையும் ஆண்டுதோறும் சேர்ந்து குறித்துவைக்க வேண்டும். விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி, அந்தக் குறிப்பைப் பார்த்து மதகைத் திறக்க வேண்டும்.