பேராசையைப் பழிப்பதால் பயனில்லை

கால்பந்து அணிகளின் லாபம் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் 'உரிமையாளர்களின் பேராசை' என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே எழுகிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஆசை எல்லா வணிகத்திலும் உண்டு. அது எவ்வழியில் பாயலாம் என்பதை விதிகளே தீர்மானிக்கின்றன.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் இதற்குத் தக்க சான்று. 2005-இல் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் அதனை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் கைப்பற்றினார். அதில் பெரும்பகுதி கடன். அக்கடனில் கணிசமான பங்கு கழகத்தின் கணக்கிலேயே ஏற்றப்பட்டது. அதுவரை கடன் சுமையின்றி இருந்த கழகம், தன்னை வாங்குவதற்காகப் பெறப்பட்ட கடனுக்குத் தானே வட்டி செலுத்தலாயிற்று. 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்குகள் விற்கப்பட்டபோதும், கிடைத்த தொகையில் ஒரு பகுதியே கடனை அடைக்கச் சென்றது. மீதி உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தது. இவை அனைத்தும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தன.

வேறெந்தத் தொழிலிலும் மனம் நொந்த வாடிக்கையாளர் கடையை மாற்றிக்கொள்வார். கால்பந்து ரசிகரால் அது இயலாது. 2005-இல் சிலர் வெளியேறி, 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்ற புதிய கழகத்தையே தொடங்கினர். ஆயினும் பெரும்பாலோர் பழைய அணியை விட்டு விலகவில்லை. விலை உயர்ந்தாலும் பெரிதாகக் குறையாத தேவையைப் பொருளாதாரம் 'நெகிழ்ச்சியற்ற தேவை' என்கிறது. ரசிகரின் பற்று அத்தகையது. கடன் கொடுத்தவர்களுக்கு அதுவே உத்தரவாதமாயிற்று.

இதே கிளேசர் குடும்பத்துக்கு அமெரிக்காவில் டாம்பா பே புக்கனியர்ஸ் என்ற அணியும் உண்டு. அது ஆடுவது அமெரிக்கக் கால்பந்து, விளையாட்டு வேறு. ஆனால், அந்த என்.எஃப்.எல். அமைப்பு ஓர் அணி சுமக்கக்கூடிய கடனுக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. குடும்பம் ஒன்றே, விதிகள்தான் வேறு.

கிளேசர்களின் நிர்வாகத்தில் கழகத்தின் வணிக வருவாய் பெருகியதை மறுப்பதற்கில்லை. முதலீடு செய்தவர் லாபம் தேடுவதும் தவறன்று. ஆனால், லாபம் ஒருவருக்கும் கடன் சுமை மற்றவருக்கும் என்றாகும்போதுதான் நியாயம் கேள்விக்குள்ளாகிறது.

ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தும் 2025-இல் சட்டமியற்றி, கழகங்களின் நிதிநிலையைக் கண்காணிக்கத் தனி ஒழுங்காற்று அமைப்புக்கு வழிசெய்திருக்கிறது. நல்ல உரிமையாளர் வாய்ப்பார் என்று ரசிகர்கள் காத்திருப்பதைவிட, எத்தகைய உரிமையாளர் வந்தாலும் கழகத்தைக் காக்கும் விதிகளைக் கோருவதே அறிவுடைமை.