காலமல்லாக் காலத்துக் கொன்றை: திருவிருத்தத்தில் காலமயக்கு

கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் மீளவில்லை. கொன்றையோ பூக்கத் தொடங்கிவிட்டது. அதைக் கண்டு தலைவி தரியாள் என்றஞ்சிய தோழி, பருவம் இன்னும் வரவில்லை என்கிறாள். அகப்பொருளில் இத்துறை காலமயக்கு எனப்படும். திருவிருத்தத்தின் 100 பாசுரங்களுள் 7, 18, 68 ஆகியன இத்துறையின. முதல் இரண்டும் வானத்தையும் மழையையும் பற்றியன. 68-ஆம் பாசுரமே கொன்றையை எடுத்துக்கொள்கிறது.

சங்கத் தொகையிலும் இது பயின்றதே. குறுந்தொகை 66-இல் தோழி மரத்தின்மேல் பழியிடுகிறாள்: பருவமல்லாத மழையைக் காரென்று மயங்கிப் பூத்த கொன்றை அறிவற்றது என்பது அவள் கூற்று. இது வெறும் கற்பனையன்று. வறட்சிக்குப்பின் எதிர்பாராது மழை பெய்தால், உறங்கியிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும் மரங்கள் பல உண்டு. (இன்று நம் தெருக்களில் சரக்கொன்றை பொன்னாய்ச் சொரிவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில், கவிமரபோ அதைக் காருக்கே உரியதாக்கியது.) குறுந்தொகை 21 இன்னும் நுட்பமானது. அங்குப் பேசுபவள் தலைவியே. காடே காரென்று கூறினும் நம்பேன், அவர் பொய் சொல்லார் என்கிறாள். பூவின் சாட்சியைக் காட்டிலும் அவன் வார்த்தை வலிது.

ஆழ்வாரின் தோழி இவ்விரு வழியிலும் செல்லவில்லை. அவள் மரத்தைப் பழிப்பதில்லை. கொன்றைகள் அரும்பினவேயன்றி முற்ற மலர்ந்துவிடவில்லை; தழைப்பந்தலிலே மாலையும் பொன்வளையமுமாகத் தொங்கவிட்டு, கலந்து பிரிந்தவருடைய வரவை எதிர்கொள்ள முற்படுகின்றன என்கிறாள். பிரிவுக்குச் சான்றாய் நின்ற பூவே வரவேற்புக்கு அலங்காரமாகிவிட்டது.

இது தேற்றுவதற்குச் சொன்ன பொய்யோ? அன்று. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், எம்பெருமானோடுள்ள ஸம்பந்தத்தை உணர்ந்திருக்கும் நிலைக்கே தோழி என்று பெயரிட்டார். உடையவன் உடைமையைக் கைவிடான் என்றறிந்தவளுக்கு, அவன் வரவு ஐயத்துக்கு இடமானதன்று. மலர்ச்சி முற்றுமுன் வருவான் என்பது அவ்வறிவின் சொல். ஸ்ரீராமாயணமும் இதற்குத் துணை நிற்கிறது. பெருமாள் காடேகியபின் மரங்களும் வாடின என்று ஸுமந்திரன் அறிவித்தான். மீண்டு வருகையில் பரத்வாஜர் அளித்த வரத்தால் அயோத்திக்குச் செல்லும் வழியெங்கும் மரங்கள் காலமல்லாக் காலத்திலும் காய்த்துப் பூத்தன. மாதத்தைப் பாராமல் அவனையே பார்த்துப் பூக்கும் மரங்கள் இவை.

விளியையும் நோக்கவேண்டும். உலகளந்த எம்பெருமானுடைய வைகுந்தத்தை ஒத்தவளே என்றன்றோ தோழி அழைக்கிறாள். கேளாதிருக்கவே எல்லார் தலையிலும் திருவடி வைத்தவன், வேண்டி நிற்பவளை விடுவானோ என்பது ஒன்று. காலம் ஆட்சி செய்யாத இடம் வைகுந்தம் என்பது மற்றொன்று. அதனை ஒத்தவளுக்குக் கார் வந்தது, வரவில்லை என்ற கணக்கே பொருந்தாது. மறுப்பு முழுவதும் இவ்வொரு விளியில் அடங்கியிருப்பதாகவே அடியேனுக்குத் தோன்றுகிறது.